இந்த ஓவியம் யாருடையது?



ஓவியக் காட்சிசாலையில் ஒரு படத்தின் முன் போய் நிற்கும்போது நம்மில் பலரும் முதலில் செய்வது என்ன? படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, அதன் அருகே ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் படிக்கக் குனிகிறோம். சீட்டில் புகழ்பெற்ற பெயர் ஒன்று இருந்தால் மீண்டும் நிமிர்ந்து, இம்முறை சற்று மரியாதையோடு, படத்தைப் பார்க்கிறோம். கேள்விப்படாத பெயராயின் அடுத்த படத்துக்கு நகர்ந்து விடுகிறோம். அந்தச் சீட்டில் அந்தப் பெயரை எழுதியவர் யார்? ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரே இதைத் தீட்டினார் என்பது அவருக்கு எவ்வாறு தெரிந்தது? அவர் தவறியிருந்தால் அதனால் யாருக்கு நட்டம்? இவையே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றில் பல்லாண்டுகளாகப் பணிபுரிந்து வருகிறோம். இப்பணியில் எழுத்து எம்முடையது. அடியில் எம் பெயர் வருவதில்லை. ஆயினும், பெயரில்லாத பழைய கோப்பு ஒன்று கைக்கு வந்தால், பத்து வரி படித்த அளவில் இது இன்னாருடைய மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட இயலும். அருஞ்சொற்களைக் கொண்டு அன்று. அவற்றை எல்லோரும் ஒரே அகராதியிலிருந்துதான் எடுக்கிறோம். ஒருவர் 'ஆகவே' என்பார். மற்றொருவர் 'ஆதலின்' என்பார். சிந்திக்காமல் எழுதும் இத்தகைய சிறு சொற்களிலேதான் ஆள் வெளிப்படுகிறார்.

ஒருமுறை பழைய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பார்த்து, "இது ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் மூத்தவருடையதே" என்று பலர் முன்னிலையில் உறுதியாகச் சொன்னோம். பின்னர்ப் பதிவேட்டைப் புரட்டியபோது, அதைச் செய்தவர் அவரிடம் தொழில் பயின்ற இளைஞர் ஒருவர் என்று தெரிந்தது. குருவின் நடையைச் சீடர் அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தார். எம் பிழையால் அந்த இளைஞருக்கு உரிய பாராட்டு ஒரு நாள் முழுவதும் வேறொருவரிடம் இருந்தது. எம் அலுவலகத்தில் பதிவேடு இருந்தது. ஒரு நாளிலே பிழை திருந்தியது. பதிவேடே இல்லாத இடத்தில் இத்தகைய பிழை பல நூற்றாண்டுகள் நிலைத்துவிடக் கூடும். இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியர் ஜோர்ஜோனேயின் வரலாறு இதற்குச் சிறந்த சான்று.

வெனிஸ் நகருக்குச் சற்றுத் தொலைவில் உள்ள காஸ்டெல்பிராங்கோ என்னும் சிற்றூரில் பிறந்தவர் ஜோர்ஜோனே. அக்கால ஆவணங்கள் அவரை 'காஸ்டெல்பிராங்கோவின் ஸோர்ஸி' என்றே குறிக்கின்றன. 'ஜோர்ஜோனே' என்பதற்குப் 'பெரிய ஜோர்ஜோ' என்று பொருள். 1510ஆம் ஆண்டில், முப்பதுகளைத் தாண்டாத வயதில், கொள்ளைநோயால் மாண்டார். சிறந்த ஓவியராக அவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழப் பத்தே ஆண்டுகள். ஆயினும் அந்தப் பத்தாண்டுகளில் வெனிஸ் ஓவியத்தின் போக்கே மாறிவிட்டது. கோடுகளால் உருவத்தை வரையறுத்து அதனுள் வர்ணம் நிரப்பும் பழைய முறையை விடுத்து, ஒளியும் நிழலும் ஒன்றோடொன்று கரையுமாறு வர்ணத்தைக் கொண்டே உருவத்தை எழுப்பினார். மனிதருக்குப் பின்னே திரைபோல் தொங்கிக்கொண்டிருந்த இயற்கைக் காட்சி, அவர் கையில் ஓவியத்தின் உயிர்நிலையாயிற்று.

இத்துணைப் பெருமை வாய்ந்தவரைப் பற்றி அவர் வாழ்ந்த காலத்து ஆவணங்கள் மிகச் சிலவே. வெனிஸ் ஆட்சித் தலைவரின் அரண்மனைக்கு ஒரு பெரும்படம் தீட்டப் பணம் பெற்றார் என்பதற்குக் குறிப்பு உண்டு. அப்படம் இன்று இல்லை. ஜெர்மானிய வணிகர் மாளிகையின் வெளிச்சுவரில் 1508இல் சுவரோவியம் வரைந்தார். அதற்குரிய ஊதியத்தில் தகராறு எழுந்தது. மதிப்பிடுவோர் 150 டக்கட் என்றனர். அவர் பெற்றுக்கொண்டது 130 டக்கட். அச்சுவரோவியத்தையோ கடற்காற்று தின்றுவிட்டது. மங்கிய துண்டுகளே எஞ்சியுள்ளன. ஆக, ஆவணம் உள்ள படைப்புகள் அழிந்தன. அழியாத படைப்புகளுக்கு ஆவணம் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. தேவாலயத்துக்குப் படம் எழுதினால் ஒப்பந்தம் எழுதப்படும், கணக்கு எழுதப்படும், அவை கோயிற் பெட்டகத்தில் நிலைத்திருக்கும். ஜோர்ஜோனேயோ பெரும்பாலும் செல்வர் வீட்டு அறைகளில் மாட்டத்தக்க சிறு படங்களையே தீட்டினார். வேண்டியவர் கேட்டார், இவர் கொடுத்தார். நடுவே பத்திரம் எதற்கு? தம் படங்களில் கையொப்பமிடும் வழக்கமும் அவருக்கு இல்லை. வியன்னா நகரக் காட்சிசாலையில் உள்ள 'லௌரா' என்னும் பெண் உருவப் படத்தின் பின்புறத்தில் பழைய எழுத்து ஒன்று காணப்படுகிறது. 1506ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் இது காஸ்டெல்பிராங்கோவின் ஸோர்ஸி கையால் செய்யப்பட்டது என்று அது கூறுகிறது. அந்த ஒரு வரி, அவருடைய கலையின் கால வரிசையைக் கட்டுவதற்கு ஆய்வாளருக்குக் கிடைத்த முதற் கல்.

மற்றொரு துணை, மார்க்கந்தோனியோ மிக்கியேல் என்னும் வெனிஸ் பிரபுவின் குறிப்பேடு. அவர் நண்பர் வீடுகளுக்குச் செல்லும்போது அங்கே மாட்டியிருந்த படங்களைப் பற்றி இரண்டொரு வரி எழுதி வைப்பார். 1525இல் தத்தேயோ கொந்தாரினி வீட்டில் 'மூன்று தத்துவஞானிகள்' படத்தைக் கண்டு, இதைத் தொடங்கியவர் ஸோர்ஸி, முடித்தவர் செபாஸ்டியானோ என்று எழுதினார். 1530இல் காப்ரியேலே வெந்திராமின் வீட்டில், புயலும் ஒரு நாடோடிப் பெண்ணும் ஒரு போர்வீரனும் உள்ள சிறு இயற்கைக் காட்சி என்று ஒரு படத்தைக் குறித்தார். அதுவே இன்று வெனிஸ் அக்காதெமியா காட்சிசாலையில் உள்ள 'புயல்' என்னும் உலகப் புகழ்பெற்ற ஓவியம். உயரம் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர், அகலம் 73 சென்டிமீட்டர், அவ்வளவே. தம் வீட்டுப் பொழுதுபோக்காக அவர் கிறுக்கிய வரிகள் இல்லையேல் ஜோர்ஜோனே இன்று பெயரளவிலே நின்றிருப்பார்.

குறிப்பேட்டின் சொற்களை ஊன்றிக் கவனியுங்கள். 'தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் மற்றொருவர்.' மாண்டபோது ஜோர்ஜோனேயின் பட்டறையில் முடியாத படங்கள் இருந்தன. அவற்றை முடித்தவர்கள் இளைஞர்களான டிஷியனும் செபாஸ்டியானோவும். இருவரும் அவருடைய முறையை அருகிருந்து கற்றவர்கள். மேற்சொன்ன வணிகர் மாளிகையில் டிஷியனும் ஒரு பக்கச் சுவரில் வரைந்தார். டிஷியன் வரைந்த பகுதியைக் கண்ட நண்பர்கள், அது ஜோர்ஜோனேயுடையது என்றெண்ணி அவரிடமே வந்து, "முன்னினும் சிறப்பாகச் செய்திருக்கிறீர்" என்று பாராட்டினராம். அவர் மனம் நொந்து சில நாள் வெளியே வரவில்லை என்று ஒரு கதை அந்நூற்றாண்டிலேயே வழங்கியது. கதை நடந்ததோ இல்லையோ, அவர் காலத்தவர் கண்ணுக்கே இரு கைகளும் ஒன்றாகத் தோன்றக் கூடும் என்பதை அது நமக்குச் சொல்கிறது.

அவர் இறந்த சில வாரங்களில், 1510 அக்டோபரில், மாந்துவா நகர அரசி இஸபெல்லா தெஸ்தே தம் வெனிஸ் முகவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஜோர்ஜோனே வரைந்த இரவுக் காட்சி ஒன்று உண்டென்று கேள்விப்படுகிறோம், வாங்கி அனுப்புக என்று. ஓவியர் இறந்துவிட்டார் என்றும், அத்தகைய படங்களை வைத்திருப்போர் எவ்விலைக்கும் தர இசையவில்லை என்றும் நவம்பரில் மறுமொழி வந்தது. விரும்புவோர் பலர், படமோ சில, வரைந்தவர் திரும்பி வரப்போவதில்லை. இந்நிலையில் சந்தை என்ன செய்யும்? அவர் பாணியில் அமைந்த படங்களெல்லாம் மெல்ல மெல்ல அவர் பெயரைச் சூடிக்கொண்டன. 1648இல் ரிதோல்பி என்பவர் வெனிஸ் ஓவியர் வரலாறு எழுதியபோது ஜோர்ஜோனேயின் படைப்புகள் பெரும்பட்டியலாய் வளர்ந்துவிட்டன. புகழ்பெற்ற பெயர் ஒன்று, பெயரற்ற பலருடைய உழைப்பைத் தன்பால் இழுத்துக்கொள்வது எந்நாட்டிலும் காணும் இயல்பே.

தவறு செய்தவர்கள் அறியாதவர் மட்டுமல்லர். ஓவியர் வரலாற்றின் தந்தை எனத்தகும் வஸாரி, 1550இல் வெளியிட்ட தம் நூலில், வெனிஸில் புனித ஜான் கிறிஸோஸ்தம் ஆலயத்துப் பீடப் படத்தை ஜோர்ஜோனேயினது என்று எழுதினார். 1568இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைத் திருத்திச் செபாஸ்டியானோவுக்குக் கொடுத்தார். ஆனால் அதே இரண்டாம் பதிப்பில், புனித ரோக்கின் ஆலயத்தில் இருந்த 'சிலுவை சுமக்கும் கிறிஸ்து' படத்தை ஜோர்ஜோனேயின் வரலாற்றில் அவருக்கும், டிஷியனின் வரலாற்றில் டிஷியனுக்கும் உரியதாக்கிவிட்டார்! ஒரே நூலில் ஒரே படத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். அந்த வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

பட்டியலைச் சலித்தெடுக்கும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியது. அதில் தனிச் சிறப்புடையவர் ஜொவான்னி மொரெல்லி என்னும் இத்தாலியர். மருத்துவம் பயின்றவர். உடற்கூறு கற்ற கண்ணால் ஓவியங்களைப் பார்த்தார். முகபாவத்தையும் அமைப்பையும் எவரும் பார்த்துப் படி எடுத்துவிடலாம். ஆனால் காது மடலையும் விரல் நகத்தையும் ஒவ்வோர் ஓவியரும் சிந்தனையின்றித் தமக்குப் பழகிய வடிவத்திலேயே போடுவர். அங்கேதான் ஆளைத் தேட வேண்டும் என்பது அவர் கொள்கை. தம் நூலை இவான் லெர்மோலியெப் என்னும் ருஷ்யப் புனைபெயரில், 1880இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

ட்ரெஸ்டன் நகரக் காட்சிசாலையில், இயற்கைக் காட்சியின் நடுவே ஒரு பெண் உறங்கும் படம் ஒன்று இருந்தது. டிஷியனின் படத்தைப் பார்த்து, பிற்காலத்தவரான சாஸ்ஸோபெர்ராட்டோ எடுத்த நகல் என்று அக்காட்சிசாலைப் பட்டியல் அதைத் தாழ்வாக மதித்திருந்தது. நகல் என்றால் நின்று பார்ப்பார் யார்? மொரெல்லி நின்று பார்த்தார். மிக்கியேல் 1525இல் மர்ச்செல்லோ வீட்டில் கண்டெழுதிய 'உறங்கும் வீனஸ்' இதுவே என்றார். ஆனால் ஓர் இடர்ப்பாடு இருந்தது. வீனஸின் அருகே மன்மதன் உண்டு என்றும், அந்த மன்மதனையும் இயற்கைக் காட்சியையும் முடித்தவர் டிஷியன் என்றும் குறிப்பேடு கூறுகிறது. படத்திலோ மன்மதனைக் காணோம். பின்னாளில் எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது, வீனஸின் காலடியில் மன்மதன் உருவம் தென்பட்டது. சிதைந்து போயிருந்த அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படத்தைச் செப்பனிட்டவர்கள் வர்ணம் பூசி மறைத்திருந்தனர். நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு வரியும், புதிய கருவி ஒன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

'புயல்' ஓவியத்தையும் 1939இல் எக்ஸ் கதிரால் பார்த்தனர். இன்று இடப்புறத்தில் கோலூன்றி நிற்கும் ஆடவன் இருக்குமிடத்தில், முதலில் ஆடையின்றி நீராடும் பெண்ணொருத்தியை ஓவியர் தீட்டியிருந்தார் என்று தெரிந்தது. நகல் எடுப்பவனுக்கு முடிவு முன்னமே தெரியும். அவன் கை தயங்குவதில்லை. படைப்பவனோ தயங்குகிறான், அழிக்கிறான், மீண்டும் எழுதுகிறான். வர்ணத்தின் அடியில் மறைந்து கிடக்கும் அந்தத் தயக்கம், இது மூலப்படம் என்பதற்குச் சான்றாகிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: கருவி தயக்கத்தைக் காட்டும், தயங்கியவர் பெயரைச் சொல்லாது.

பெயரைச் சொல்லும் பொறுப்பு மனிதருடையது. மனிதரைப் பணம் தொடரும். ஆடு மேய்ப்போர் குழந்தை இயேசுவை வணங்கும் படம் ஒன்று 1937இல் ஓவிய வணிகர் டுவீன் கைக்கு வந்தது. அரிதாகக் கிடைக்கும் ஜோர்ஜோனேயின் பெயர் இருந்தால் விலை உயரும். தமக்கு நெடுங்காலம் மறைமுகமாக ஊதியத்துக்குக் கருத்துரைத்து வந்த அறிஞர் பெரென்ஸனிடம் அப்பெயரை உறுதிசெய்து தருமாறு கேட்டார். இது இளம் டிஷியனுடையது என்று பெரென்ஸன் மறுத்துவிட்டார். பல்லாண்டுத் தொடர்பு அத்துடன் முறிந்தது. விற்பனைக்கு அடிபணியாத அவர் செயலைப் பாராட்டலாம். ஆயினும், தம் முதிய வயதில் வெளியிட்ட பட்டியலில் அப்படத்தில் ஜோர்ஜோனேயின் கையை அவரே ஏற்றுக்கொண்டார். இன்று அது வாஷிங்டன் தேசியக் காட்சிசாலையில் ஜோர்ஜோனேயின் பெயரிலேயே தொங்குகிறது. நேர்மையான தீர்ப்பும் பிழைபடலாம் என்பது இதனால் விளங்கும். ஆகவேதான், ஒருவர் வாக்கை மட்டும் நம்பாது, அவ்வாக்குக்கு அடிப்படையான சான்று முழுவதையும் பிறர் பார்க்குமாறு எழுதி வைக்கும் முறை தேவைப்படுகிறது.

அந்த முறைதான் பட்டியல். பட்டியல் என்றவுடன் மளிகைக் கடைச் சீட்டை நினைத்துவிடக் கூடாது. ஓர் ஓவியரின் படைப்புகள் அனைத்துக்கும் எழுதப்படும் ஆய்வுப் பட்டியலில், ஒவ்வொரு படத்துக்கும் பல செய்திகள் இடம்பெறும். எதன்மேல் தீட்டியது, பலகையா கித்தானா, அளவு என்ன, எங்கெங்கே சிதைந்தது, யார் எப்போது செப்பனிட்டனர், முதலில் யார் வீட்டில் இருந்தது, அங்கிருந்து யார் யார் கைமாறி இங்கு வந்தது, பழைய ஏடுகளில் எங்கே பேசப்படுகிறது, எந்த அறிஞர் எவருக்கு உரியது என்றார், எதனால் என்றார், எதிர்த்தவர் யார். இவ்வளவையும் வைத்த பின்னரே பட்டியலாசிரியர் தம் முடிவைக் கூறுவார். அம்முடிவையும் ஒரே சொல்லால் கூறிவிடுவதில்லை. 'இன்னார் வரைந்தது' என்பது ஒன்று. 'இன்னாருக்கு உரியதெனக் கருதப்படுவது' என்பது அதற்கு ஒரு படி கீழ். 'இன்னாருடைய பட்டறையைச் சேர்ந்தது', 'இன்னாரைச் சூழ்ந்தோருள் ஒருவருடையது', 'இன்னாரைப் பின்பற்றியவர் செய்தது', 'இன்னாருடைய படத்தின் நகல்' என்று படிகள் மேலும் இறங்கிச் செல்கின்றன. ஒவ்வொரு தொடரும், எழுதியவர் தம் அறிவின் எல்லை இதுவென்று தாமே கோடிட்டுக் காட்டுவதாகும். சொற்களோடு வாழும் எமக்கு இவற்றின் மீது தனி மதிப்பு உண்டு. 'கருதப்படுகிறது' என்பதை 'ஆகும்' என்று பெயர்த்துவிட்டால் என்ன கேடு விளையும் என்பதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

இவ்வாறு சலித்ததன் பயன் யாது? ஜோர்ஜோனேயின் பட்டியல் மெலிந்தது. பாரிஸ் லூவ்ரில் உள்ள 'நாட்டுப்புற இசைக் கூட்டம்' நெடுங்காலம் அவர் பெயரில் இருந்தது. இன்று அக்காட்சிசாலை அதை டிஷியனுடையது என்கிறது. இங்கிலாந்தில் கிங்ஸ்டன் லேசி மாளிகையில் உள்ள 'சாலமோனின் தீர்ப்பு' செபாஸ்டியானோவுக்குச் சென்றது. 'உறங்கும் வீனஸ்' முழுவதும் டிஷியனுடையதே என்று வாதிடுவோரும் உளர். எல்லா அறிஞரும் ஒருமனதாக ஏற்பவை ஒரு கை விரல்களைச் சற்றே கடக்கும், அவ்வளவே. இதனால் ஜோர்ஜோனே சிறுத்துவிட்டாரா? இல்லை. பலர் முகம் கலந்த மங்கலான உருவம் நீங்கி, ஒரு தனி மனிதரின் முகம் தெளிந்திருக்கிறது. அத்துடன், குருவின் நிழலில் மறைந்திருந்த இரண்டு இளைஞர்களுக்கு அவர்கள் உழைப்பு திரும்பக் கிடைத்திருக்கிறது.

தேடலும் ஓய்ந்துவிடவில்லை. ஜோர்ஜோனே விட்டுச் சென்ற உடைமைகளை 1511இல் கணக்கெடுத்த ஆவணம் ஒன்று 2011இல் வெளியாயிற்று. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழக நூலகத்தில், 1497இல் வெனிஸில் அச்சான தாந்தேயின் காவியப் பிரதி ஒன்று இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், ஜோர்ஜோனே 1510 செப்டம்பர் 17ஆம் நாள் தம் 36ஆம் வயதில் கொள்ளைநோயால் இறந்தார் என்று பழைய கையெழுத்தில் எழுதியிருப்பதை நூலகப் பணியாளர் கண்டெடுத்தனர். செய்தி 2019இல் அறிஞருலகுக்கு அறிவிக்கப்பட்டது. வஸாரி தந்த பிறப்பாண்டு 1477 அல்லது 1478. புதிய குறிப்பின்படி அவர் சில ஆண்டுகள் முன்னரே, 1473 அல்லது 1474இல், பிறந்திருக்க வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கும் பொறுமை ஒருவருக்கு இருந்ததால் ஒரு மனிதரின் ஆயுட்கணக்கு மாறுகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. மும்பையிலும் வடோதராவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் ஐரோப்பிய ஓவியங்கள் இருக்கின்றன. டெல்லி தேசிய அருங்காட்சியகத்திலோ இமயமலைச் சாரலில் தோன்றிய பஹாடிச் சிற்றோவியங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் கையொப்பம் கிடையாது. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் யாத்திரிகர் பெயர்களைக் குடும்பம் குடும்பமாகப் பதிந்து வைத்திருந்த ஏடுகளைத் துருவி, நயின்சுக் முதலிய ஓவியரின் குடும்ப வரலாற்றை பி. என். கோஸ்வாமி அவர்கள் மீட்டெடுத்தார். 'காங்க்ரா பாணி' என்ற ஊர்ப்பெயருக்குள் அடங்கிக் கிடந்தவர்கள், தந்தை, மகன், பேரன் என்று பெயரும் உறவும் உள்ள மனிதர்களாக அதனால் எழுந்தனர்.

அடுத்த முறை அங்கே செல்லும்போது ஒன்று செய்து பாருங்கள். முதலில் படத்தைப் பாருங்கள், சீட்டைப் பின்னர்ப் படியுங்கள். சீட்டில் 'கருதப்படுகிறது' என்றோ 'பட்டறை' என்றோ இருந்தால் ஏமாற்றம் கொள்ள வேண்டா. தெரிந்ததைத் தெரிந்த அளவே சொல்லும் நேர்மையாளர் ஒருவர் அங்கே உழைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். பெயர் தெரியாத கைக்கும் மதிப்பளித்து ஒரு கணம் கூடுதலாக நில்லுங்கள். எங்கள் அலுவலகத்துப் பழைய கோப்பின் மேலுறையில், அன்று பிழை உணர்ந்ததும் நாமே அந்த இளைஞரின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தோம். மையால் எழுத அலுவலக விதி இடம் தரவில்லை. அந்த எழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறது.